சாவி என் சட்டைப் பையில் இருந்தது

தம்பி,

நான் நீலசந்திராவில் இருக்கிறேன், நீ மாரத்தஹள்ளியில் இருக்கிறாய். ஒரு பஸ் மாறினால் உன் வீட்டு வாசலுக்கே வந்துவிடலாம். அப்படியிருந்தும் அப்பன் பேனாவை எடுத்துக்கொண்டு உட்காருகிறான் என்றால், நேரில் சொல்ல அவனுக்குத் துப்பில்லை என்றுதான் அர்த்தம். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்து, "அப்பா, செகண்ட் ஹேண்ட்ல டீசல் கார் ஒண்ணு பாக்கலாம்னு இருக்கோம், எதையெல்லாம் செக் பண்ணணும்?" என்று கேட்டாய். நான் பதில் சொல்வதற்குள், "ரேவதிதான் ஓட்டுவா, நான் ஓட்டமாட்டேன்" என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டாய். பதினேழு வருஷத்தில் நீ என்னிடம் காரைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது. எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். மறுநாள் உன் மனைவி தனியாகக் கூப்பிட்டாள். "மாமா, குழந்தை வரப்போவுது, கார் இருந்தா நல்லதுன்னு நான்தான் சொன்னேன். அவர் என்னடான்னா, குழந்தைய நான் வண்டில ஏத்த மாட்டேன், என் வாய் பட்டா ஏதாவது ஆயிடும்ங்கறார். எனக்குப் பயமா இருக்கு மாமா. இவருக்கு என்னதான் ஆச்சு?" என்றாள். உனக்கு என்ன ஆயிற்று என்பது இந்த உலகத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் முழுசாகத் தெரியும்.

முதலில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். டீசல் என்ஜினில் பெட்ரோல் என்ஜின் மாதிரி தீப்பொறி வைக்கும் பிளக் கிடையாது. உள்ளே இழுத்த காற்றை இருபதில் ஒரு பங்காக நசுக்கும். பெட்ரோல் வண்டி எட்டிலோ ஒன்பதிலோ ஒரு பங்காகத்தான் நசுக்கும். அப்படி நசுங்கும் காற்று தானாகவே கொதித்துப்போகும். அதில் பம்பு டீசலைப் பீய்ச்சினால் அதுவே பற்றிக்கொள்ளும். காலைக் குளிரில் சூடேற்ற மட்டும் ஹீட்டர் பிளக் உண்டு. ஓட ஆரம்பித்த பிறகு அதற்கும் வேலை இல்லை. இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள். பழைய டீசல் என்ஜின் ஓடுவதற்குக் கரண்ட் தேவையில்லை. காற்றும் டீசலும் யாராவது ஒரு சுற்று சுற்றிவிடுவதும் இருந்தால் போதும். இப்போது வரும் கம்ப்யூட்டர் வைத்த டீசல் என்ஜின்கள் அப்படியில்லை, அவை சாவியின் சொல்லைக் கேட்கும். ஆனால் செகண்ட் ஹேண்டில் உங்களுக்குக் கிடைக்கப்போவது பழையதுதான்.

பார்க்கப் போகும்போது முன்கூட்டியே சொல்லாமல் காலையில் போங்கள். விற்பவன் வண்டியைச் சூடாக்கி வைத்திருந்தால் பானெட் மேல் கை வைத்தாலே தெரிந்துவிடும். அப்படியென்றால் எதையோ மறைக்கிறான். ஆறிப்போன என்ஜின் ஒரே முயற்சியில் பிடிக்க வேண்டும். சைலன்சரில் கறுப்புப் புகை வந்தால் காற்று போதவில்லை அல்லது டீசல் அதிகம் போகிறது, வடிகட்டியை மாற்றினாலே சரியாகலாம். வெள்ளைப் புகை தொடர்ந்து வந்தால் உள்ளே தண்ணீர் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். நீலப் புகை என்றால் என்ஜின் தன் ஆயிலையே குடிக்கிறது, பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது, திரும்பி வந்துவிடுங்கள். என்ஜின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். அங்கிருந்து குபுகுபுவென்று புகை கிளம்பினால் அதுவும் ரிங் வேலைதான். ரிங் தேய்ந்த என்ஜினில் நசுக்கிய காற்று நிற்காது, மெல்லக் கசியும். கியரில் போட்டு மேட்டில் நிறுத்தினால் அது வண்டியைப் பிடித்து வைக்காது. கசியக் கசிய, தூங்குகிற பிள்ளை புரண்டு படுப்பது மாதிரி அரைச் சுற்று புரளும். வண்டி ஓர் அங்குலம் நகர்ந்திருக்கும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று செய்யுங்கள். என்ஜின் ஓடும்போது சாவியை அணைத்துவிட்டு எண்ணுங்கள். ஒன்று, இரண்டு என்பதற்குள் நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை என்றாலோ, "அது கொஞ்சம் அப்படித்தான் சார், கியர்ல போட்டு ஆஃப் பண்ணிக்கலாம்" என்று விற்பவன் சிரித்தாலோ, ரேவதியைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்துவிடு. ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன்.

நம் வெள்ளைக் கார் உனக்கு ஞாபகம் இருக்கும், மறந்திருந்தால்தான் ஆச்சரியம். அது பிறவியில் பெட்ரோல் கார். டாக்ஸி ஓட்டுகிறவனுக்குப் பெட்ரோல் கட்டாது என்று அந்தக் காலத்தில் இந்த ஊரில் பாதிப் பேர் செய்ததை நானும் செய்தேன். பழைய டீசல் என்ஜின் ஒன்றை வாங்கி அதில் இறக்கினேன். இறக்கிக் கொடுத்தவர் ஷரீஃப் பாய். நல்ல மெக்கானிக், வாய்தான் கொஞ்சம் நீளம். அந்த உடம்புக்கு அந்த என்ஜின் ஒத்துக்கொள்ளவே இல்லை. நிறுத்திய இடத்தில் நின்று ஓடும்போது கதவுக் கண்ணாடி நடுங்கும். கியர் ராடு யாரோ உள்ளேயிருந்து பிடித்து ஆட்டுகிற மாதிரி ஆடும். நீ அதைப் பார்த்துச் சிரிப்பாய். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, "அப்பா, வண்டி பேசுதுப்பா" என்பாய். நானும், "என்ன சொல்லுதுன்னு கேளுடா" என்று உன்னை ஏற்றிவிடுவேன். அப்படி நான் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

டீசல் பம்பின் தலையில் கட்டைவிரல் அளவுக்கு ஓர் உருளை இருக்கும், சொலினாய்டு என்பார்கள். சாவியைத் திருகினால் கரண்ட் போய் அதற்குள் இருக்கும் ஊசியைத் தூக்கி டீசலுக்கு வழி விடும். சாவியை அணைத்தால் ஊசி இறங்கி வழியை அடைக்கும். சாவிக்கும் அந்த என்ஜினுக்கும் இருந்த உறவு அந்த ஓர் ஊசி மட்டும்தான். ஒருநாள் காலை ஏர்போர்ட் சவாரிக்கு நேரமாகிவிட்டது, ஊசி சிக்கிக்கொண்டு வண்டி கிளம்பவில்லை. எவனோ டாக்ஸி ஸ்டாண்டில் சொல்லிக்கொடுத்த வித்தையை நம்பி நானே சொலினாய்டைக் கழற்றி, ஊசியை உருவிப் போட்டுவிட்டு, மறுபடி மாட்டினேன். வண்டி உடனே கிளம்பியது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். ஆனால் அன்றிலிருந்து சாவியை அணைத்தாலும் அது நிற்காது. மூன்றாவது கியரில் போட்டு, பிரேக்கை மிதித்து, கிளட்சைச் சட்டென்று விடுவேன். ஒரு குலுக்குக் குலுக்கி மூச்சடங்கும். ஷரீஃப் பாய் அதைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "அரே, என்ன அண்ணா இது! சாவி ஆஃப் பண்ணா வண்டி சாவணும். சாவாத வண்டி வண்டியே இல்ல, அது வேற. நாளைக்கே புதுசு போட்டுர்றேன், வண்டிய உட்டுட்டுப் போங்க" என்றார். ஒருநாள் வண்டியை விட்டால் ஒருநாள் சவாரி போகும். ஆயுத பூஜை முடியட்டும் பாய் என்றேன்.

பேட்டரியும் அப்போது சாகக் கிடந்தது. அதனால் வண்டியை நம் சந்தின் மேட்டிலேயே இறக்கத்தைப் பார்த்து நிறுத்துவேன். காலையில் கல்லை எடுத்தால் வண்டி உருளும், கிளட்சை விட்டால் பிடித்துக்கொள்ளும். ஹேண்ட் பிரேக் பேருக்குத்தான் இருந்தது. நிறுத்தியதும், பிடிப்பு அதிகமான முதல் கியருக்கு மாற்றி, முன் டயருக்கு அடியில் அந்தக் கருங்கல்லை வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவேன். சில நாள் மத்தியானம் எல்லோரும் தூங்கும்போது வாசலில் 'க்ளக்' என்று ஒரு சத்தம் கேட்கும். வெளியே வந்து பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள். டயர் மட்டும் கல்லை இன்னும் கொஞ்சம் நெருங்கியிருக்கும். காற்றுக் கசிவதுதான் காரணம் என்று எனக்குத் தெரியும், தெரிந்தும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே உள்ளே வருவேன். நாம் பார்க்காத நேரத்தில் மட்டும் அது நகர்ந்தது.

அந்த ஆயுத பூஜை தொண்ணூற்றொன்றில் வந்தது. உனக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. ஊரே வாழைக்கன்றும் சாமந்தியுமாக இருந்தது. நான் வண்டியைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து மேட்டில் நிறுத்தினேன். என்ஜின் நல்ல சூட்டில் இருந்தது. மூன்றாவது கியரில் போட்டு அடக்கினேன், முதல் கியருக்கு மாற்றாமல் இறங்கிவிட்டேன். மாலை கட்டினேன், சந்தனம் வைத்தேன். நான்கு டயருக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைக்கும் நேரம் வந்தபோது, முன் டயரில் அந்தக் கல் இடைஞ்சலாக இருந்தது. சாமி காரியத்தில் பழத்துக்குப் பக்கத்தில் சேறு பிடித்த கல் இருந்தால் நன்றாகவா இருக்கும் என்று தோன்றியது. கல்லை உருட்டி ஓரமாகப் போட்டுவிட்டு அந்த இடத்தில் எலுமிச்சம்பழத்தை வைத்தேன். பூசணிக்காயும் கற்பூரமும் எடுத்துவர உள்ளே போனேன். அவ்வளவுதான் தம்பி நடந்தது. கல் இருந்த இடத்தில் பழத்தை வைத்தவன் நான்.

அம்மா காருக்கு முன்னால் குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் பத்துப் பதினைந்து அடியில் கௌரம்மா வீட்டுச் சுவர், சந்து அங்கேதான் வளைகிறது. நீ புதுச் சட்டையோடு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தாய். உள்ளேயிருந்த எனக்கு உன் குரல் தெளிவாகக் கேட்டது. "போலாம், ரைட்!" என்றாய், கண்டக்டர் மாதிரி. அடுத்து 'க்ளக்' என்றது. அடுத்து என்ஜின் ஓடும் சத்தம் கேட்டது. நான் பூசணிக்காயைப் பிடித்தபடி நின்றேன். என் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன், சாவி பையில்தான் இருந்தது. ஓடும் என்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பையில் சாவியோடு நின்ற அந்த ஒரு நொடியை என்னால் இன்றுவரை யாருக்கும் விளக்க முடியவில்லை. பிறகு அம்மா கத்தினாள். மோதிய சத்தம் வந்தது. அதோடு என்ஜினும் நின்றுபோனது. போட்டவர் யாரும் இல்லாமல் கிளம்பி, அணைத்தவர் யாரும் இல்லாமல் நின்றது.

நான் ஓடிவந்தபோது அம்மாவின் வலது கால் பம்பருக்கும் சுவருக்கும் நடுவில் இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். நீ ஸ்டியரிங்கை விடாமல் உறைந்துபோயிருந்தாய். இப்போது எழுதுவதைப் படித்துவிட்டு நீ என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள். நான் முதலில் அம்மாவிடம் போகவில்லை. கதவைத் திறந்து, உன் மடிக்கு மேலே கையை நீட்டி, மூன்றாவது கியரில் கிடந்த ராடை நியூட்ரலுக்குத் தள்ளினேன். வண்டியைக் கியரில் விட்டவன் நான் என்று தெரியாமலிருக்க, ஆட்கள் வருவதற்குள் அதைச் செய்துவிட வேண்டும் என்று என் கைக்குத் தெரிந்திருந்தது. அதன் பிறகுதான் வண்டியைப் பின்னால் தள்ளினேன், அவளைத் தூக்கினேன். கௌரம்மா மாடியிலிருந்து கன்னடத்தில், "தானாகே ஸ்டார்ட் ஆய்த்து! ஒளகே யாரூ இல்லா, மகு மாத்ரா!" என்று அலறினார். உள்ளே குழந்தையைத் தவிர யாருமில்லை, வண்டி தானாகக் கிளம்பியது என்று அவர் சொன்னது தெரு முழுக்கக் கேட்டது. எல்லோரும் உன்னைப் பார்த்தார்கள். நானும் உன்னைப் பார்த்து, "என்னடா பண்ணின நீ?" என்று கேட்டேன்.

எனக்குத் தெரிந்த பதிலைத்தான் எட்டு வயதுப் பிள்ளையிடம் கேட்டேன். நீ, "நான் ஒண்ணும் தொடலப்பா. போலாம்னு மட்டும்தான் சொன்னேன். அது கேட்டுக்கிச்சு" என்றாய். "இல்லைடா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. நீ ஏறாமல் இருந்திருந்தாலும், வாயே திறக்காமல் இருந்திருந்தாலும் அந்த வண்டி போயிருக்கும். சூடான, ரிங் தேய்ந்த என்ஜின், மூன்றாவது கியர், இறக்கம், கல் இல்லை, ஊசி இல்லை. உன் குரல் இந்தக் கணக்கில் எங்கேயும் கிடையாது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆளாளுக்குக் கேட்டார்கள். சாவி இல்லாமல் எப்படி ஓடும், என்ஜின் எங்கே வாங்கினீர்கள் என்றார்கள். என் வாயிலிருந்து, "ஆக்சிடென்ட் ஆன வண்டியிலேர்ந்து எடுத்தது. அதுல டிரைவர் செத்துட்டானாம்" என்று வந்தது. அப்படி ஒருவன் கிடையாது தம்பி. அது பால் வண்டியிலிருந்து கழற்றிய என்ஜின், அதன் டிரைவர் நன்றாகத்தான் இருந்தார். நான் ஒரு பொய்யான ஆளைச் சாகடித்தேன், மற்றதை ஊர் பார்த்துக்கொண்டது. ஒரு வாரத்தில் அவனுக்குக் காக்கிச் சட்டை வந்தது. ஒரு மாதத்தில் வேலூர்ப் பக்கம் ஊரும், கல்யாணம் நிச்சயமாகியிருந்த பெண்ணும் வந்தார்கள். டீசல்காரன் என்று பேர் வைத்தார்கள். ஆயுத பூஜை அன்று காவு கேட்டான் என்றார்கள். கௌரம்மா வீட்டு வளைவில் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அவன் நிற்பதைப் பார்த்ததாக இரண்டு பேர் சொன்னார்கள். ஒருநாள் டீக்கடையில் முன்பின் தெரியாத ஒருவர் என்னிடமே அந்தக் கதையைச் சொன்னார், அவனுக்கு இடது கையில் ஆறு விரல் என்றார். நான் டீயைக் குடிக்காமல் எழுந்து வந்தேன். அதற்குப் பிறகு உச்சி வெயிலில் அந்த வளைவு வந்தால் நானே சுற்றிக்கொண்டுதான் போனேன். நான் உண்டாக்கினவன்தான், ஆனாலும் அவன் கையைப் பார்க்க நேர்ந்துவிடுமோ என்று பயந்தேன்.

உன் அம்மா மூன்று ஆபரேஷன் முடிந்து, ஒரு கால் குட்டையாகித்தான் நடக்க ஆரம்பித்தாள். உன்மேல் அவளுக்கு ஒருநாளும் கோபம் இருந்ததில்லை. பிள்ளையின் வாயில் பேசியது டீசல்காரன் என்று அவள் நம்பினாள். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் வாசல் ஓரத்தில் அவனுக்கு ஒரு விளக்கும், ஒரு டம்ளர் டீயும், ஒரு கட்டு பீடியும் வைத்தாள். சாந்தியாகிப் போப்பா, என் பிள்ளையை விட்டுவிடு என்று கும்பிடுவாள். நீயும் அவள் பக்கத்தில் நின்று கும்பிட்டாய். நானும் நின்றேன். உள்ளுக்குள் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்றிருக்கும்.

ஷரீஃப் பாய் வண்டியைப் பார்க்க வந்தபோது பானெட்டைத் திறந்து சொலினாய்டைத் தொட்டார், வேறெதையும் தொடவில்லை. "செத்தவன்னு யாரும் இல்லியே அண்ணா. பால் வண்டி என்ஜின்தானே இது" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "என்கிட்ட ஏன் அண்ணா கெஞ்சறீங்க? ஊருக்குச் சொல்லாட்டி போவுது. புள்ளகிட்டயாவது சொல்லிருங்க" என்றார். அவர் அப்புறம் நம் வீட்டுக்கு வரவில்லை. ஊசி இல்லாத அந்த என்ஜினை அப்படியே ஒரு பழைய சாமான் வியாபாரிக்குத் தள்ளிவிட்டேன். ஊசி இல்லை என்று சொன்னால் ஏன் இல்லை என்று கேட்பார், அதனால் அதையும் சொல்லவில்லை. அதை யார் வாங்கினார்கள், எந்த உடம்பில் இறக்கினார்கள், இன்னும் ஓடுகிறதா என்று எனக்குத் தெரியாது. தெருவில் எங்கேயாவது கண்ணாடி நடுங்குகிற மாதிரி ஒரு டீசல் வண்டி நின்று ஓடினால் இப்போதும் நான் வந்த வழியே திரும்பிவிடுவேன்.

அந்த வருஷமே ஒருநாள் நீ பள்ளிக்கூடம் போகும்போது எனக்குச் சந்தேகம் வந்து உனக்குத் தெரியாமல் பின்னால் வந்தேன். நீ நடு ரோட்டில் நடந்தாய். ஓரமாக நிற்கும் ஒவ்வொரு வண்டியையும், லாரியோ வேனோ ஆட்டோவோ, கடக்கும்போது கொஞ்சம் நின்றாய். உன் உதடு அசைந்தது. நெருங்கி வந்து காது கொடுத்துக் கேட்டேன். "நில்லு" என்றாய். அடுத்த வண்டிக்கும், "நில்லு." அதற்கு அடுத்ததற்கும், கெஞ்சுகிற குரலில், "நில்லு, நில்லு." பள்ளிக்கூட வாசல்வரை நின்ற வண்டிகளுக்கெல்லாம் நீ சொல்லிக்கொண்டே போனாய். போலாம் என்ற சொல்லை நீ அதற்குப் பிறகு சொல்லவே இல்லை. புறப்படலாம் என்பாய், கிளம்பலாம் என்பாய். கல்யாண மண்டபத்தில் காரில் ஏறியதும் டிரைவர், "போலாமா சார்?" என்று கேட்டபோது ரேவதிதான் பதில் சொன்னாள். நான் முன் சீட்டில் இருந்தேன், கண்ணாடியில் உன் முகத்தைப் பார்த்தேன். அன்று பள்ளிக்கூட வாசலில் ஓடிவந்து உன்னைத் தூக்கியிருந்தால் எல்லாம் அன்றோடு முடிந்திருக்கும். நான் மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நின்றேன். அம்மாவின் காலை ஒடித்ததைவிட அதுதான் பெரிய பாவம் என்று இப்போது தெரிகிறது. ஒரு குழந்தையின் வாயில் பேய் இருக்கிறது என்று அந்தக் குழந்தையையே நம்பவைத்துவிட்டு, அப்பா என்று அது கூப்பிடும்போதெல்லாம் என்ன கண்ணு என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

இதுவரை எழுதியதை நேற்று மத்தியானம் அம்மாவிடம் கொடுத்தேன். உனக்கு அனுப்பும் முன் அவள் படிக்க வேண்டும் என்று தோன்றியது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, எழுத்துக் கூட்டி, ஒரு மணி நேரம் படித்தாள். முடித்துவிட்டுக் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "அப்போ அந்த ஆளு யாருங்க?" என்றாள். யாருமில்லை என்றேன். "பதினேழு வருசமா நான் யாருக்கு டீ வெச்சேன்?" என்றாள். இன்னொரு விஷயமும் சொன்னாள், அதை இத்தனை வருஷத்தில் என்னிடம்கூடச் சொன்னதில்லை. விளக்கு வைத்த மறுநாள் காலை அந்த டம்ளர் எப்போதும் காலியாகத்தான் இருக்குமாம். நான் அதைத் தொட்டதில்லை. அவளும் தொட்டதில்லை என்கிறாள். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு அவள்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என் காலு போனா போவுது. கால் போனவங்க ஊர்ல எத்தனையோ பேர் இருக்காங்க. புள்ள வாயக் கட்டிப் போட்டுட்டீங்களே" என்றாள். அடித்திருந்தால் தேவலை. இன்று காலை எழுந்ததும் இரண்டு புடவையைப் பையில் வைத்தாள். நானும் வருகிறேன் என்று சட்டையை எடுத்தேன். "நீங்க வர வேணாம். நீங்க வந்து நின்னா அவன் உங்க மூஞ்சியத்தான் பாப்பான். அப்பா அழுவறாரேன்னு உங்களுக்குத்தான் தண்ணி எடுத்தாந்து குடுப்பான். இந்த ஒரு தடவ அவன் அவனுக்காக அழுவட்டும்" என்றாள். அவள் சொன்னது சரி. நீ அப்படித்தான் செய்வாய். எட்டு வயதிலிருந்து எங்கள் இரண்டு பேரையும் நீதான் தேற்றிக்கொண்டிருக்கிறாய்.

இந்தக் கடைசிப் பக்கத்தை அவள் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்கும்போது எழுதுகிறேன். எப்போது திரும்பி வருவாள் என்று அவள் சொல்லவில்லை, கேட்கும் தைரியம் எனக்கும் இல்லை. நீ என்னை மன்னிக்க வேண்டாம். போன் செய்ய வேண்டும் என்றுகூட இல்லை. தபாலில் போடலாம் என்றுதான் எழுத ஆரம்பித்தேன், அவள் விடவில்லை. அதனால் இதை உன் கையில் கொடுத்தவள் இப்போது உன் எதிரில்தான் உட்கார்ந்திருப்பாள், நீ படித்து முடிக்கும்வரை ஒரு வார்த்தையும் பேசாமல். நான் சொல்லாமல் விட்ட அந்த "இல்லைடா"வை அவள் தன் வாயால் சொல்ல வந்திருக்கிறாள். காகிதத்தைக் கீழே வை. நிமிர்ந்து உன் அம்மாவைப் பார்.